எதிராளிகளை வைத்து இரண்டு சாம்பியன்களை எடை போடுவது எப்படி? டைசன், ஹொலிஃபீல்ட் உதாரணத்தோடு முழுமையான வழிகாட்டி

கொட்டாஞ்சேனையில் நான் முடி வெட்டப் போகும் சலூனில் கண்ணாடிக்கு மேலே ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. கறுப்புக் காற்சட்டை, மேலங்கி இல்லாத உடம்பு, கழுத்தோடு ஒன்றாகிவிட்ட தோள். பவுடர் படிந்து படிந்து மூலைகள் மஞ்சளாகிவிட்டன. கதிரையில் உட்கார்ந்தால் கத்தரிக்கோல் சத்தத்தோடு கதையும் தொடங்கிவிடும்.

"50 வெற்றி தம்பி, அதுல 44 நொக்அவுட். உங்கட ஹொலிஃபீல்ட் பத்துத் தடவ தோத்த ஆள். இதுக்கு மேல கதைக்க என்ன இருக்கு?" என்பார் சலூன் அண்ணன்.

எண்கள் அவர் பக்கம்தான். 58 வயதில், 2024இல் ஜேக் போலிடம் தோற்றதையும் சேர்த்தால் டைசனுக்கு 50 வெற்றி, 7 தோல்வி. எவாண்டர் ஹொலிஃபீல்டுக்கு 44 வெற்றி, 10 தோல்வி, 2 சமநிலை. ஆனாலும் ஹொலிஃபீல்ட் மோதிய ஆட்களின் வரிசை கனமானது என்று என் மனதுக்குப் பட்டுக்கொண்டே இருந்தது. அதை வாயால் சொல்லி அண்ணனிடம் வெல்ல முடியாது. ஒரு சீ.ஆர். கொப்பியை வாங்கி, அடிமட்டத்தால் கோடு போட்டு, இரண்டு பேரின் சண்டைகளையும் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். அப்படிச் செய்த முறையைத்தான் இங்கே தருகிறேன். எந்த இரு வீரர்களுக்கும் இது பொருந்தும்.

ஏன் எதிராளியைப் பார்க்க வேண்டும்?

நம்மூரில் பாடசாலைப் பிள்ளைகளின் ஸ்டப்ஸ் கேடயக் குத்துச்சண்டைப் போட்டியிலோ, கிளிஃபர்ட் கிண்ணப் போட்டியிலோ யார் யாரோடு மோதுவது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். எதிரே நல்லவன் வந்தாலும் கெட்டித்தனமில்லாதவன் வந்தாலும் மேடை ஏறியே ஆக வேண்டும். தொழில்முறைக் குத்துச்சண்டை அப்படியில்லை. அங்கே முகாமையாளரும் ஏற்பாட்டாளரும் உட்கார்ந்து ஆள் தேடுகிறார்கள். வளரும் பையனுக்கு ஆபத்தில்லாத எதிராளி, பெயர் எடுத்தவனுக்குப் பணம் தரும் எதிராளி. இலகுவான 30 பேரை அடுத்தடுத்து அடித்து 30 வெற்றி சேர்ப்பது யாருக்கும் முடிகிற காரியம். ஆகவே வெற்றி எண்ணிக்கை ஒரு தொடக்கம் மட்டுமே.

படி 1: கேள்வியை முதலில் எழுதுங்கள்

கொப்பியின் முதல் பக்கத்தில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். நான் எழுதியது: "தரமான எதிராளிகளுக்கு எதிராக அதிகம் சாதித்தவர் யார்?" "இருவரும் மோதினால் யார் வெல்வார்?" என்பது வேறு கேள்வி. டைசனும் ஹொலிஃபீல்டும் இரண்டு தடவை மோதினார்கள். 1996 நவம்பரில் 11ஆம் சுற்றில் ஹொலிஃபீல்ட் வென்றார். 1997 ஜூனில் காதைக் கடித்ததால் 3ஆம் சுற்றில் டைசன் தகுதி நீக்கப்பட்டார். அந்த இரண்டும் நேரடி மோதல்கள். அவற்றைத் தனிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மற்ற எல்லாக் கணக்கையும் அவை விழுங்கிவிடும். (1996இல் வென்றது ஹொலிஃபீல்டின் வெற்றிகளில் ஒன்று என்ற வகையில் பிறகு அதற்குத் திரும்பி வருவோம்.)

படி 2: கோடு போடுங்கள்

இணையத்தில் பொக்ஸ்ரெக் தளத்தில் ஒவ்வொரு வீரரின் முழுப் பட்டியலும் கிடைக்கும். நான் போட்ட நிரல்கள்: திகதி, எதிராளி, அன்றைக்கு அவர் வயது, அன்றைய வெற்றி தோல்விக் கணக்கு, அதற்கு முன் கடைசியாக எப்போது மேடையேறினார், உடல் எடை, முடிவு. கடைசியில் ஒரு அகலமான நிரலை விட்டுவைத்தேன். அதன் தலைப்பு "அதற்குப் பிறகு".

திகதியில் கொஞ்சம் கவனம் வேண்டும். அமெரிக்காவில் சனி இரவு என்றால் கொழும்பில் ஞாயிறு காலை. அப்பா வெட்டி ஒட்டி வைத்திருந்த பத்திரிகை நறுக்குகளில் ஒரு நாள் பிந்தியே இருக்கும். எல்லாவற்றுக்கும் சண்டை நடந்த ஊரின் திகதியையே பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: சல்லடை

இருவரின் பட்டியலிலும் ஆரம்பச் சண்டைகளைப் பென்சிலால் மெல்ல அடித்துவிடுங்கள். டைசன் 1985 மார்ச்சில் தொடங்கி, 1986 நவம்பரில் ட்ரெவர் பேர்பிக்கை வீழ்த்திப் பட்டம் எடுக்கும்முன் 27 பேரை வென்றிருந்தார். அதில் பெரும்பாலானவை பையனைப் பழக்கிய சண்டைகள். ஹொலிஃபீல்டோ தன் 12ஆவது சண்டையிலேயே க்ரூசர்வெயிட் (ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான எடைப் பிரிவு) சாம்பியன் ட்வைட் முஹம்மத் கவியோடு 15 சுற்று நின்றார். 1986 ஜூலை அது. வென்ற பிறகு உடம்பு நீரற்றுப்போய் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். 12ஆவது சண்டையில் அப்படி ஒரு ஆள்! இந்த வேகத்தையே தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

சல்லடையில் தப்பிவிடுகிற போலிகளும் உண்டு. 1995 ஓகஸ்ட்டில் சிறையிலிருந்து வந்த டைசன் பீற்றர் மெக்னீலியோடு மோதினார். மெக்னீலியின் கணக்கு 36 வெற்றி, 1 தோல்வி. பார்த்தால் பயம் வரும். ஆனால் அந்த 36 பேரின் பெயர்களைத் தட்டிப் பாருங்கள், அவர்களில் பெரும்பாலானோர் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். ஆகவே எதிராளியின் கணக்கோடு நிறுத்தாமல், எதிராளி யாரை வென்றார் என்று இன்னொரு படி கீழே இறங்குங்கள். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் செலவாகும்.

பெல்ட்டையும் நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஏ., ஐ.பி.எஃப். என்று பட்டம் கொடுக்கும் அமைப்புகள் தனித்தனியாக இருந்ததால் ஒரே எடையில் மூன்று சாம்பியன்கள் சாதாரணம். பிறகு டபிள்யூ.பி.ஓ.வும் சேர்ந்தது. 1996 செப்டெம்பரில் டைசன் வென்ற புரூஸ் செல்டன் அன்று சாம்பியன்தான். முதல் சுற்றையே தாண்டவில்லை. ஆனால் பட்டம் இல்லாத 42 வயது ஜோர்ஜ் ஃபோர்மன், 1991இல் ஹொலிஃபீல்டோடு 12 சுற்றும் நின்று குத்தினார்.

படி 4: "யாரை" என்பதற்குப் பக்கத்தில் "எப்போது" என்று எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பெயர் ஒன்றுதான். ஆனால் மனிதன் வருடத்துக்கு வருடம் வேறு ஆள்.

லரி ஹோம்ஸை எடுப்போம். இருவரும் அவரை வென்றார்கள். டைசன் 1988 ஜனவரியில், 4ஆம் சுற்றில் நொக்அவுட். ஹொலிஃபீல்ட் 1992 ஜூனில், 12 சுற்று முடிய நடுவர்களின் புள்ளியில். சலூன் அண்ணன் இதைக் கேட்டதும் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "பார்த்தீங்களா!" என்றார்.

இப்போது நிரல்களை நிரப்புவோம். 1988இல் ஹோம்ஸுக்கு 38 வயது. 1986 ஏப்ரலில் மைக்கல் ஸ்பிங்ஸிடம் இரண்டாம் தடவை தோற்ற பிறகு 21 மாதம் மேடை ஏறவில்லை. துரு ஏறிய ஆள். 1992இல் அவருக்கு 42 வயது, ஆனால் சுறுசுறுப்பாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நான்கே மாதத்துக்கு முன், தோல்வியே அறியாத ஒலிம்பிக் தங்கக்காரன் ரே மெர்சரை வென்றிருந்தார். எந்த ஹோம்ஸ் நல்ல ஹோம்ஸ்? என் தீர்ப்பில் தயாராக வந்தவர் 1992இன் ஹோம்ஸ். ஆனால் இன்னொன்றையும் எழுத வேண்டும்: ஹோம்ஸ் வாழ்நாளில் 75 சண்டை போட்டார், அவரை முழுச் சுற்றும் நிற்க விடாமல் முடித்தவர் டைசன் ஒருவரே. ஆள் கொஞ்சம் இறக்கம் என்றாலும் செய்த வேலை பெரியது. அந்த இடத்தில் அண்ணனுக்கு நான் விட்டுக்கொடுத்தேன்.

அடுத்தது பஸ்டர் டக்ளஸ். 1990 பெப்ரவரி 11இல் டோக்கியோவில் 10ஆம் சுற்றில் டைசனை வீழ்த்தினார். அதே ஒக்டோபரில் ஹொலிஃபீல்ட் 3ஆம் சுற்றில் டக்ளஸை வீழ்த்தினார். இதை வைத்து, டைசனை வென்றவனை வென்றவன் பெரியவன் என்று சொல்லிவிட ஆசை வரும். எடை நிரலைப் பாருங்கள். டோக்கியோவில் டக்ளஸ் 231½ இறாத்தல். ஹொலிஃபீல்டுக்கு முன் 246. எட்டு மாதத்தில் 14½ இறாத்தல் ஏறியிருக்கிறது. டைசன் தோற்றது தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த நாளில் நின்ற டக்ளஸிடம். ஹொலிஃபீல்ட் வென்றது பயிற்சியை விட்டுவிட்ட டக்ளஸை. ஹொலிஃபீல்ட் பக்கம் நிற்கும் நானே இந்த வெற்றிக்கு அரை மதிப்பெண்தான் போட்டேன்.

அதே கத்தியால் எல்லாரையும் வெட்ட வேண்டும். 1993 நவம்பரில் ஹொலிஃபீல்டிடம் தோற்ற ரிடிக் போவும் முந்தைய வருடத்தை விட 11 இறாத்தல் கூடுதலாக, 246இல் வந்தார். ஆனால் அவர் 12 சுற்றும் ஓடியோடிக் குத்தினார், டக்ளஸ் போலச் சுருண்டு படுக்கவில்லை. கொஞ்சம் குறைத்தேன், அதிகம் குறைக்கவில்லை. எண் சொல்வதைக் கண் சரிபார்க்க வேண்டிய இடம் இது. முடிந்தால் அந்தச் சண்டையின் காணொளியில் கடைசி மூன்று சுற்றையாவது பாருங்கள்.

படி 5: பொது எதிராளிகள்

இருவரும் மோதிய ஆட்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கண்கூடாகச் சில விடயங்கள் தெரியும். இந்த இருவருக்கும் பொது எதிராளிகள் நிறைய. ஆனால் முதலில் கழிக்க வேண்டியவர்களைக் கழியுங்கள். ஃபிரான்சுவா போதா, லூ சவரீஸ், பிரையன் நீல்சன் ஆகியோரை ஹொலிஃபீல்ட் சந்தித்தது டைசனுக்குப் பல வருடம் பிந்தி, தனக்கே 44 வயதைத் தாண்டிய பிறகு. அவை ஒப்பிட உதவாது.

ஜேம்ஸ் டிலிஸ் 1986 மே மாதத்தில் டைசனோடு 10 சுற்றும் நின்றார். 1988 ஜூலையில் ஹொலிஃபீல்டோடு 5 சுற்றுக்கு மேல் தொடரவில்லை. இது ஹொலிஃபீல்டுக்குச் சாதகமா? டைசனுக்கு அப்போது 19 வயது, 20ஆவது சண்டை. டிலிஸும் அதற்குள் இரண்டு வருடம் தேய்ந்துவிட்டார். பின்க்லன் தோமஸைப் பாருங்கள்: 1987 மேயில் டைசன் 6ஆம் சுற்றில் நிறுத்தினார். அதற்கு முன் அவரை யாரும் நிறுத்தியதில்லை. 18 மாதம் கழித்து ஹொலிஃபீல்ட் 7 சுற்றில் முடித்தார். முதலில் உடைத்தவருக்குத்தான் கூடுதல் மதிப்பு, ஆகவே இது டைசனுக்கு. அலெக்ஸ் ஸ்டுவர்ட் எதிர்ப்பக்கம். 1989இல் ஹொலிஃபீல்டைச் சந்திக்கும்போது 24க்கு 24 நொக்அவுட், தோல்வியே இல்லை. அந்த நம்பிக்கையை ஹொலிஃபீல்ட் 8ஆம் சுற்றில் உடைத்துவிட்டார். டைசனிடம் 1990 டிசெம்பரில் வந்தது ஏற்கெனவே ஒரு முறை உடைந்த ஸ்டுவர்ட், முதல் சுற்றிலேயே முடிந்தார்.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது லெனக்ஸ் லூயிஸ். 1999இல் ஹொலிஃபீல்ட் அவரோடு இரண்டு தடவை மோதினார். மார்ச்சில் சமநிலை, நவம்பரில் தோல்வி. மார்ச் தீர்ப்பு லூயிஸுக்கு அநியாயம் என்று உலகமே சொன்னது. நானும் அதை ஏற்கிறேன், தோல்வி என்றே கணக்கெடுத்தேன். அப்படியிருந்தும் 36, 37 வயதில் ஹொலிஃபீல்ட் லூயிஸோடு 24 சுற்று, ஒரு தடவையும் கீழே விழாமல் நின்றார். 2002 ஜூனில் மெம்ஃபிஸ் நகரில் டைசன் மோதும்போது அவருக்கு 35 வயது, லூயிஸுக்கும் 36 ஆகியிருந்தது. 8ஆம் சுற்றில் நொக்அவுட். அண்ணன் அன்றைக்கு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

படி 6: தோல்விகளுக்கும் ஒரு பக்கம்

தோல்வியைக் கழித்துவிட்டு வெற்றியை மட்டும் ஒப்பிடுவது பிழை. ஹொலிஃபீல்ட் 1992 நவம்பரில் போவிடம் தோற்றார். போ அன்று 31 சண்டையில் தோல்வி அறியாதவர், எடையிலும் 30 இறாத்தல் கூட. 10ஆம் சுற்றில் ஹொலிஃபீல்ட் சரிந்துபோவார் என்று நினைக்கிற நேரத்தில் திரும்பி வந்து அடித்த அடி இருக்கிறதே, அது தோல்விக் கணக்கில் இருந்தாலும் பத்து இலகு வெற்றிகளுக்குச் சமம். அதன் பிறகு மறுபடி போவை அழைத்து வென்றார். போ வாழ்நாளில் 43 வென்று ஒன்றில்தான் தோற்றார். அந்த ஒன்று ஹொலிஃபீல்டிடம்.

ஆனால் எல்லாத் தோல்வியும் இப்படியல்ல. டைசன் 2004இல் டனி வில்லியம்ஸிடமும் 2005இல் கெவின் மெக்பிரைடிடமும் தோற்றவை தேய்ந்த உடம்பின் தோல்விகள். அவற்றை வைத்து அவரைக் குறைப்பது நியாயமில்லை. ஹொலிஃபீல்டும் வயதான பிறகு நிறுத்தாமல் மேடையேறி இப்படிச் சில தோல்விகளைச் சேர்த்துக்கொண்டார். இருவருக்கும் ஒரே இடத்தில் கோடு போடுங்கள். நான் 2002ஓடு நிறுத்தினேன்.

படி 7: "அதற்குப் பிறகு" நிரல்

எதிராளியின் தரம் சில வேளை பிறகுதான் தெரியவரும். 1991இல் ஹொலிஃபீல்ட் ஃபோர்மனை வென்றபோது, வயதான மனிதரை வென்றதில் என்ன பெருமை என்று பலர் கேட்டார்கள். 1994 நவம்பரில் அதே ஃபோர்மன் 45 வயதில் மைக்கல் மூரரை 10ஆம் சுற்றில் விழுத்தி மறுபடி உலகச் சாம்பியன் ஆனார். அந்த மூரர்தான் ஏழு மாதத்துக்கு முன் ஹொலிஃபீல்டைத் தோற்கடித்தவர். பிந்திய செய்தி முந்திய வெற்றியின் மதிப்பை ஏற்றிவிட்டது. மூரரையும் ஹொலிஃபீல்ட் சும்மா விடவில்லை. 1997இல் ஐந்து தடவை கீழே விழுத்தி, 8ஆம் சுற்றோடு நிறுத்த வைத்தார்.

டைசன் பக்கம் இந்த நிரல் சில இடங்களில் இறக்குகிறது. 1991இல் அவர் இரண்டு தடவை வென்ற டொனவன் ரடொக் அன்று பயங்கரமான ஆளாகத் தெரிந்தார். அடுத்த வருடமே லூயிஸ் அவரை 2ஆம் சுற்றில் முடித்தார். ஆனால் இதிலும் ஒரு சந்தேகம் வைக்க வேண்டும்: டைசனின் 19 சுற்று அடிதான் ரடொக்கை உள்ளே உடைத்திருக்கலாம். ஆகவே இந்த நிரலால் மதிப்பை ஏற்றலாம், இறக்கும்போது பாதி மட்டும் இறக்குங்கள்.

படி 8: அடர்த்தி

இந்தப் படியை எனக்குக் காட்டியவர் சலூன் அண்ணன்தான். "எத்தன நாளைக்குள்ள செஞ்சான் எண்டு எழுதினீங்களா தம்பி?" என்று கேட்டார். எழுதவில்லை. வீட்டுக்கு வந்து எண்ணினேன்.

1986 நவம்பர் முதல் 1988 ஜூன் வரை, 19 மாதத்தில் டைசன்: பேர்பிக், ஸ்மித், தோமஸ், டக்கர், பிக்ஸ், ஹோம்ஸ், டப்ஸ், ஸ்பிங்ஸ். எட்டும் பட்டச் சண்டைகள். டக்கர் அன்று தோல்வி அறியாத ஐ.பி.எஃப். சாம்பியன். ஸ்பிங்ஸ் 31க்கு 31, ஹோம்ஸை இரண்டு தடவை வென்றவர், 91 செக்கனில் முடிந்தார், பிறகு மேடையேறவே இல்லை. ஒரு பிரிவில் நின்ற ஆட்களை இவ்வளவு அவசரமாகத் துடைத்தெடுத்த ஹெவிவெயிட் வீரர் அரிது. அப்போது கிடைத்தவர்களை அவர் தட்டிக்கழிக்கவில்லை. ஹொலிஃபீல்டோடு 1991 நவம்பரில் மோதுவதற்கும் நாள் குறித்திருந்தது, விலா எலும்புக் காயத்தால் தள்ளிப்போனது. பிறகு 1992 முதல் 1995 வரை சிறை. போ, லூயிஸ், மூரர் எல்லாம் உச்சத்தில் இருந்த வருடங்கள் டைசன் பக்கத்தில் வெற்றுக் கட்டங்களாகக் கிடக்கின்றன. அந்த வெற்றுக் கட்டங்களில் நாமாக எந்த வெற்றியையும் தோல்வியையும் எழுதக் கூடாது.

படி 9: பத்துக்குப் பத்து

இனிக் கூட்டல் கழித்தல் வேண்டாம். மதிப்பெண்ணைக் கூட்டினால், சாதாரண வெற்றிகள் நிறைய உள்ளவர் முந்திவிடுவார். ஒவ்வொருவரின் சிறந்த பத்து வெற்றிகளைத் தரத்தின்படி வரிசைப்படுத்தி, முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் எதிரெதிரே நிறுத்துங்கள்.

என் கொப்பியில் முதல் வரி: போ 1993, எதிரே ஸ்பிங்ஸ் 1988. ஆளின் தரத்தில் போ, அடித்த விதத்தில் ஸ்பிங்ஸ். கேள்வி எதிராளியைப் பற்றியது என்பதால் ஹொலிஃபீல்டுக்கு ஒரு மயிரிழை கொடுத்தேன். அண்ணன் இதை இன்றுவரை ஏற்கவில்லை. ஏற்காததற்கு அவரிடம் நியாயம் உண்டு. இரண்டாம் வரி: டைசன் 1996, எதிரே ஹோம்ஸ் 1988. அன்றைய டைசனையும் திகதிச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். 30 வயது, சிறைக்குப் பிறகு நான்கே சண்டை, பழைய தலையசைவு குறைந்துவிட்டது. அப்படியும் 38 வயதில் 21 மாதம் சும்மா இருந்த ஹோம்ஸை விட மேல். மூன்றாவது: கவி, எதிரே டக்கர். இது டைசனுக்கு. நான்காவது: ஃபோர்மன், எதிரே ரடொக். ஐந்தாவது: மூரர் 1997, எதிரே தோமஸ். ஹொலிஃபீல்ட் இரண்டையும் எடுத்தார். அதற்குக் கீழே வந்தால் மெர்சர், டோக்ஸ், 1992இன் ஹோம்ஸ் ஒரு பக்கம், ஸ்மித், டப்ஸ், புரூனோ மறுபக்கம். இடைவெளி அங்கேதான் விரிகிறது. பேர்பிக்கை மட்டும் அவர் அன்று வைத்திருந்த பட்டத்துக்காக டைசன் பக்கம் விட்டேன். பத்தில் எட்டு ஹொலிஃபீல்ட், இரண்டு டைசன்.

உங்கள் வரிசை வேறாக வரலாம். வந்தால் எந்த வரியில் வேறாகிறது என்று பார்த்து, அந்த ஒரு சண்டையின் நிரல்களை மட்டும் திரும்ப நிரப்புங்கள். வாதம் அப்போது அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். முன்பு போல முழுச் சலூனும் கத்தத் தேவையில்லை.

கொப்பியைப் போன சனிக்கிழமை அண்ணனிடம் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு, லூயிஸ் பக்கத்தில் விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தார். "19 மாசத்த பெரிய எழுத்துல எழுதியிருக்கீங்க, அது காணும்" என்றார். பிறகு, "அடுத்ததா அலியையும் ஜோ லூயிஸையும் போடுங்களேன்" என்று கேட்டார். ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை 25 தடவை பட்டத்தைக் காத்தவர். அலிக்கோ ஃபிரேசியர் மூன்று தடவை, நோர்ட்டன் மூன்று தடவை, லிஸ்டன் இரண்டு தடவை, நடுவில் ஃபோர்மன். ஒரு பக்கம் போதாது. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டு, "அதற்குப் பிறகு" நிரலை இந்தத் தடவை இன்னும் அகலமாக விட்டிருக்கிறேன்.